ஹரீஷுக்கும் ஒரு பிரதி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில், உத்தனப்பள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். கல்லூரியாகத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் இந்த ஆண்டு வெள்ளி விழா. நான் அங்கே தமிழ் கற்பிக்கிறேன். பெயர் லாவண்யா. விழா மலருக்கு நிறுவனத்தின் வரலாற்றை எழுதும் வேலை எனக்கு வந்தது. தமிழ்த் துறையில் இருப்பவர்களுக்கு எதையும் எழுத வரும் என்று மற்றத் துறைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை.

விவரம் கேட்க சுகுணா மேடத்தின் வீட்டுக்குப் போனேன். பல்கலைக்கழகத்தை நிறுவியவர், அறுபதைத் தாண்டிவிட்டார், வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டில், அறக்கட்டளைக்கு வாடகை கட்டிக்கொண்டு தனியாக இருக்கிறார். நெடுநேரம் பேசினார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இந்த மலர் ஹரீஷுக்கும் ஒண்ணு போகுமா லாவண்யா?"

ஹரீஷ்குமார் அவருடைய ஒரே மகன். அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தாண்டி, சந்தாபுரத்தில் குடியிருக்கிறார். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். மகனுக்கு ஒரு புத்தகம் அனுப்ப ஒரு அம்மா என்னை ஏன் கேட்க வேண்டும்?

மலருக்கான வரலாற்றை எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அச்சில் இருக்கிறது. இது அந்தக் கேள்விக்காக எழுதுவது. கிருஷ்ணகிரியிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகை வியாழக்கிழமைக்குள் கேட்டிருக்கிறது. விழா வெள்ளிக்கிழமை.

2

தொடக்கங்கள்.

"முட்டைக்கோஸ் கொட்டகையில் அன்று ஏற்றிய ஒரு விளக்கு இன்று ஆறு மாடி ஒளியாக—"

(விழா மலர் வாடை அடிக்கிறது. வேண்டாம்.)

"ஹரீஷ்குமார் தன் அம்மாவை மன்னிக்கவே—"

(மன்னித்தாரா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்?)

"சிவராஜ் நிலத்தை விற்கவில்லை."

இது உண்மை. இதில் தொடங்குகிறேன்.

சிவராஜ், சுகுணா மேடத்தின் கணவர். சாலையின் இரண்டு பக்கமும் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது அவருடைய அண்ணன்மார் தங்கள் பங்கை விற்று ஓசூரில் வீடு கட்டிக்கொண்டார்கள். இவர் கோஸும் ரோஜாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுகுணா அப்போது ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் மாடசாமி என்பவர் மனைவி குழந்தையோடு வாடகைக்கு இருந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். பதவி உயர்வுத் தேர்வில் பின்னக் கணக்கு வராமல் தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு சுகுணா சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடசாமி தன்னோடு நாலு பேரைக் கூட்டிவந்தார். அதற்கடுத்த மாதம் வீட்டில் இடம் போதாமல், கோஸ் மூட்டை கட்டும் கொட்டகைக்கு வகுப்பு மாறியது. நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். "எழுப்பாதீங்க, காதுல விழுந்தா போதும்" என்பாராம் சுகுணா.

அந்தக் கொட்டகை ஒரு கல்லூரியாயிற்று. சிவராஜ் மொத்த நிலத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். பத்திரம் எழுதும்போது சுகுணா ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இதிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு எந்தச் சலுகையும் வருமானமும் திரும்பி வரக் கூடாது.

வக்கீல் பேனாவை நிறுத்திக் கேட்டாராம், "எதுவுமேவாம்மா?"

"எதுவுமே."

அப்போது ஹரீஷ் சின்னப் பையன். அப்பாவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

[ஒரு விஷயம். இவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. வகுப்பில் தமிழ், சந்தையில் கன்னடமும் சேரும். இந்தப் பக்கங்களில் அம்மாவும் மகனும் பேசிக்கொள்வதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த அளவுக்கு இது பொய்.]

3

கல்லூரி வளர்ந்தது, ஹரீஷும் அதற்குள்ளேயே வளர்ந்தான். பொறியியல் பிரிவுகள் வந்தபோது மெக்கானிக்கல் பட்டறையில் லேத் இறக்கிய அன்று, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு லாரிக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறான். எந்த மெஷின் என்ன சத்தம் போடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வானாம். பிளஸ் டூ முடித்ததும் மெக்கானிக்கலுக்கு விண்ணப்பித்தான். எல்லாரையும் போல வரிசையில் நின்று.

மதிப்பெண் கொஞ்சம் குறைவு. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.

சேர்க்கை முடிகிற நாளில் சேலத்துப் பையன் ஒருவன் வேறு இடம் கிடைத்து விலகிவிட்டான். ஒரு இடம் காலி. பட்டியல்படி அடுத்தவன் ஹரீஷ். யாரும் சிபாரிசு செய்யவில்லை, எந்த விதியும் வளையவில்லை. அந்த இடம் நியாயமாக அவனுக்கு வந்தது.

சேர்க்கைக் குழுவின் தலைவர் சுகுணா. பட்டியலைப் பார்த்தார். முதல் பெயரைத் தாண்டி இரண்டாவது பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

"மேடம், ஹரீஷுக்குத்தான வருது?" என்று அலுவலர் கேட்டிருக்கிறார்.

"வருது. ஆனா நாளைக்கு வெளிய யாரு பட்டியலப் பாக்கப் போறாங்க? மகனுக்குக் குடுத்துட்டாங்கன்னுதான் பேசுவாங்க. அடுத்த பேரக் கூப்பிடுங்க."

அடுத்த பெயர் இருளாயி. மாடசாமியின் மகள்.

[இருளாயியை இங்கே பேசவைக்கலாம் என்று ஒரு வாரம் யோசித்தேன். நன்றாகப் படித்து, இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறார். தனக்கு இடம் கிடைத்த விதம் அவருக்குத் தெரியாது. இந்தக் கதை மூலமாகத்தான் அவருக்குத் தெரியவேண்டும் என்றால்— மன்னித்துவிடுங்கள், இருளாயி. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை.]

4

ஹரீஷ் பெங்களூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. சண்டை என்று எதுவும் இல்லை. அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. சண்டை இருந்தால் சமாதானம் எழுதலாம். சுகுணா மேடம் சந்தாபுரம் போனால் ஹரீஷ் பஸ் நிறுத்தத்துக்கே வந்து அழைத்துப்போகிறார். குருபரப்பள்ளியில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் பக்கத்தில் நின்று பரிமாறுகிறார். வளாகத்தின் கேட்டைத் தாண்டி மட்டும் உள்ளே வருவதில்லை. அம்மாவை இறக்கிவிட வந்தால் சாலையிலேயே இறக்கிவிட்டு, அவர் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொள்வார்.

சிவராஜ் இறந்தபோது உத்தனப்பள்ளி வீட்டில் வைத்துத்தான் எல்லாம் நடந்தது. ஹரீஷ் எல்லாச் சடங்கும் செய்தார். பல்கலைக்கழகப் பேருந்துகளில் வந்த மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் கும்பிட்டு நன்றி சொன்னார். மறுநாள் வளாகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு வரவில்லை. முன்வரிசையில் சுகுணா மேடம் தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் கைப்பையை வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பெரிய நூலகம். புதிய பட்டறையில் மனிதர் தொடாமலே ஓடும் இயந்திரங்கள். புதிதாக எது வந்தாலும் சுகுணா மேடம் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்பார்: "இதெல்லாம் பாத்தா அவன் என்ன சொல்லுவான்?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவாரு மேடம்" என்போம்.

5

இதுவரை எழுதியதை கௌதமிடம் காட்டினேன். என் கணவர், கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். படித்துவிட்டு, "இதுல தப்பு யாரு மேல?" என்றார்.

"தெரியல."

"அப்ப எப்படி முடிப்ப?"

முடித்தேன். வெள்ளிக்கிழமை விழா தொடங்கும் நேரத்தில் ஹரீஷின் கார் கேட்டுக்குள் நுழைகிறது. கையில் மகள். சுகுணா மேடம் மேடையிலிருந்து இறங்கி ஓடிவருகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

பிரதியை எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். "பேரெல்லாம் மாத்திடட்டுமா மேடம்?" என்று முதலில் கேட்டேன்.

"மாத்துனா அவன் வேற யாரோன்னு நெனச்சுக்குவான். அப்படியே இருக்கட்டும்."

படித்தார். சேர்க்கை நாள் வருகிற பக்கத்தில் நின்றுவிட்டார். பிறகு, தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது அவனோட சீட்டுதான்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா மேடம்?"

"இதையும் எழுதிடு. எழுதி அவனுக்கு அனுப்பு."

கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் எழுதியிருக்க. இந்தக் கடைசிப் பக்கத்த எடுத்துடு."

"ஏன் மேடம்? அவர் வரணும்னுதான நீங்க..."

"வந்துட்டான்னு நீ எழுதிட்டா, நான் இதையே எடுத்து எடுத்துப் படிச்சுக்கிட்டு இருந்துடுவேன் லாவண்யா. ஒரு கட்டத்துல இதுவே போதும்னு ஆயிடும். போதும்னு ஆயிடக் கூடாது."

எடுத்துவிட்டேன். [மேலே உள்ள நாலு வரிச் சுருக்கம்தான் அதில் மிச்சம்.]

6

வேறு முடிவு எழுதினேன். ஹரீஷ் வரவில்லை. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்குகிறார்கள். சுகுணா மேடம் கேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேடம் சொன்ன அந்த ஒரு வரியையும் சேர்த்து, சொன்னபடி ஹரீஷுக்கு அனுப்பினேன். புதன்கிழமை சாயங்காலம் அழைத்தார். நாங்கள் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை. பின்னால் லாரி ஹாரன்கள் கேட்டன. வேலை முடிந்து திரும்பும் வழியில் ஓரமாக நிறுத்தியிருந்தார்.

"நல்லா இருக்கு மேடம். ஒரு இடம் விட்டுப்போச்சு. அன்னிக்கு நான் அந்த ரூமுக்கு வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். இருளாயின்னு கூப்பிட்டது கேட்டுச்சு."

நான் பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

"அம்மா வெளிய வந்தாங்க. என்னப் பாத்து, சாப்டியான்னாங்க. சாப்டேன்னேன். சாப்பிடல."

"அப்புறம்?"

"அவ்ளோதாங்க. அதுக்கப்புறம் நாங்க சாப்பாட்டப் பத்தி மட்டும்தான் பேசிக்கிறோம்."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு கேட்டார்: "'அது அவனோட சீட்டுதான்'னு ஒரு வரி வருதே. அத அவங்க சொன்னாங்களா, நீங்க எழுதினீங்களா?"

எழுத்தாளரிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. ஆனால் இந்தத் தடவை என்னிடம் நேரான பதில் இருந்தது.

"அவங்கதான் சொன்னாங்க. சத்தியமா."

"தமிழ்லயா, தெலுங்குலயா?"

"தமிழ்ல."

"அப்ப உங்ககிட்ட சொல்லியிருக்காங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வைப்பதற்கு முன்னால், "மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? நான் வரலைன்னு மட்டும் முடிச்சிடாதீங்க" என்றார்.

"அப்ப வெள்ளிக்கிழமை வருவீங்களா?"

ஒரு லாரி கடந்துபோனது.

"வரலைன்னு எழுதாதீங்க. அவ்ளோதான் கேக்குறேன்."

7

இன்று வியாழன். காலையில் முதல் வகுப்புக்குப் போகாமல் மேடம் வீட்டுக்குப் போனேன். நடுவில் நின்று செய்தி சொல்கிறவளாக மாறிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். பெஞ்சு, பெயர் கேட்டது, சாப்பிடாதது, எல்லாவற்றையும்.

"வெளிய உக்காந்திருந்தானா?" என்றார். "லைப்ரரியில இருந்து வர்றேன்னுதான சொன்னான்."

தமிழில் சொன்னால் அது எனக்குச் சொன்னது என்று ஹரீஷ் கருதியதையும் சொன்னேன்.

அடுப்பில் பால் வைத்திருந்தார். அடுப்பை அணைத்தார். என் பக்கம் திரும்பாமல், மிக மெதுவாக, வாய்க்குள் சரியாக வருகிறதா என்று பார்ப்பவர் போலச் சொன்னார்:

"அதி நீ சீட்டே ரா."

அது உன் இடம்தான்டா. அவ்வளவுதான் அர்த்தம். நாலு வார்த்தை. ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டி எழுப்பியவருக்கு அதைச் சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நான் என் போனில் ஹரீஷின் எண்ணை எடுத்து நீட்டினேன். பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

"நேர்ல" என்றார்.

"அப்ப சந்தாபுரம் போகலாம் மேடம். நானும் கூட வர்றேன்."

"அங்க போய்ச் சொன்னா அவன் வீட்டுல சொன்னதா ஆகும். இங்க வச்சுச் சொல்லணும். எந்த இடத்துல அவன் பேரத் தாண்டினேனோ அங்க." பிறகு, கொஞ்சம் சிரித்தார். "வரமாட்டான்னு சொல்றியா?"

"எனக்குத் தெரியல மேடம்."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

8

ஆக, என் மேஜையில் இரண்டு வேண்டுகோள்கள் இருக்கின்றன. வந்தான் என்று எழுதாதே என்கிறார் அம்மா. வரவில்லை என்று எழுதாதீர்கள் என்கிறார் மகன். ஒரு கதைக்கு மிச்சமிருப்பது இந்த இரண்டு முடிவுகள்தான். இரண்டையும் அவர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். கேட் வரைக்கும் வந்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே—

வேண்டாம்.

பத்திரிகைக்காரர் இரண்டு தடவை அழைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பந்தல் போடுகிறார்கள். மேடம் ஒரு பையனிடம் நாற்காலிகளைத் தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பட்டறைக்குப் போகிற வழியை மறைக்கக் கூடாதாம்.

இதை இப்படியே அனுப்புகிறேன். பத்திரிகை அச்சாகி, தபாலில் ஏறி, உங்கள் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். ஹரீஷுக்கும் ஒரு பிரதி போகும். நீங்கள் இதைப் படிக்கும்போது உங்களுக்கு வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும். எனக்கு அது இன்னும் வரவில்லை.