இரண்டாவது பிரேக்

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். கார் ஓட்டக் கற்றுத்தரும் இந்த மனிதரின் வலது காலே அதற்குச் சாட்சி. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். பாதி ஆயுளை மிதித்தே கழித்த கால் அது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மிதிக்கும், பல் டாக்டரின் நாற்காலியிலும் மிதிக்கும், தூக்கத்தில் மனைவியின் கணுக்காலையும் மிதிக்கும். எல்லோருக்கும் அவர் பிரேக் வாத்தியார்தான்.

அறுபதைத் தாண்டியதும் ரத்தக்கொதிப்பு வந்து சேர்ந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். "அடங்கலன்னா அந்த சீட்ட விட்டு எறங்கிட வேண்டியதுதான்" என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். அந்த ஒரு வார்த்தைதான் வாத்தியாரைப் பிடித்து ஆட்டியது. சீட் போனால் அப்புறம் அந்தக் காலுக்கு என்ன வேலை?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்கள் வாயடைத்துப்போகும்படி மனிதர் வளைந்தார். பொரித்தது போச்சு, சர்க்கரை போச்சு. காலையில் முகம் கோணக்கோண ஒரு கசப்புக் கஷாயம். அப்புறம் நடை. பெயர்தான் நடை, வேகமெல்லாம் புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்துகிற வேகம். சாயங்காலம் மூச்சுப்பயிற்சி வகுப்பு. மற்றவர்கள் ஒரு மூச்சை இழுத்து விடுவதற்குள் இவர் மூன்றை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்பது போல ஆசிரியையைப் பார்ப்பார். நிம்மதியைக்கூட அவசரமாக அடைய நினைத்த பிறவி.

வாரத்துக்கு ஒருமுறை அக்குபங்சர். மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகிவிட்டு ஆடாமல் படுக்கச் சொல்வார் ஊசிக்காரம்மா. போர்வைக்குள் கால் பிரேக் மிதிக்கும்.

"கால வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க சார்" என்று அதட்டுவார். முதல் நாளே இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இது மாத்திரைக்குப் பதில் இல்ல. அதுவும் வேணும், இதுவும் வேணும். நீங்களா நிறுத்திடாதீங்க."

"சேச்சே, நிறுத்துவேனா?" என்றார் வாத்தியார்.

வீட்டில் கொதிப்பை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. எழுந்தால் அளப்பார், உட்கார்ந்தால் அளப்பார், மனைவி கத்தினால் அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு அளப்பார். மெல்ல மெல்ல எண் இறங்கி நல்ல இடத்தில் நின்றது. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். வாத்தியாருக்குத் தன் தொழில் கணக்கு வந்துவிட்டது. ஓட்டத் தெரியாதவரைக்கும்தானே பக்கத்து சீட்டில் இரண்டாவது பிரேக்? கற்றுக்கொண்டவன் காரில் அது எதற்கு? நடையும் கஷாயமும் ஊசியும் கற்றுக்கொண்ட உடம்புக்கு மாத்திரை எதற்கு?

அன்றிலிருந்து மனைவி பார்க்கத் தண்ணீரை மட்டும் குடித்தார். மாத்திரை பால்கனிச் செடித் தொட்டிக்குப் போனது. செடிக்குக் கொதிப்பு இருந்திருந்தால் குணமாகியிருக்கும்.

ஆனால் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைக்குள் ஏதோ இரைந்தது. எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். உடம்பு சுத்தமாகிறது, அதுதான் இப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அளக்கும் கருவியை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். அளந்தால் என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்தது?

அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி ரொட்டிக்கடை நடத்தும் அம்மாள். தன் ரொட்டியைத் தானே வண்டியில் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்று நடுவயதில் கிளம்பியவள். ஒரு காலை, அவள் ஓட்ட, வாத்தியார் பக்கத்தில். சந்து முனையில் ஒரு சிறுமி சைக்கிளோடு குறுக்கே பாய்ந்தாள்.

வாத்தியார் பார்த்தார். பார்த்த கண்ணில் தெரு கலங்கியது. மிதி என்று உள்ளே யாரோ கத்தினார்கள். கால் அசையவில்லை.

கார் நின்றது. சிறுமி ஒரு கால் ஊன்றி முறைத்துவிட்டுப் போனாள். நிறுத்தியது ரொட்டிக்கடை அம்மாள்.

"சார்! இன்னைக்கு நீங்க மிதிக்கவே இல்ல!" என்று அவள் பூரித்துப்போய்த் திரும்பினாள். "என்ன நம்பி விட்டுட்டீங்க!"

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

வகுப்பு முடிந்து காரை வாத்தியார் வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கியவள், வெளியே நின்ற மனைவியிடமும் மூச்சுவிடாமல் சொன்னாள். "அக்கா, குறுக்க ஒரு பாப்பா வந்துடுச்சு, சார் கால அசைக்கவே இல்ல. நானேதான் நிறுத்தினேன்!"

அவள் போனதும் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. தூக்கத்தில்கூட மிதிக்கும் கால் அது என்பது இவளுக்கல்லவா தெரியும்?

"ஏங்க, உண்மையா நம்பித்தான் விட்டீங்களா?"

அவர் கண் அலமாரியின் உச்சிக்குப் போனது. அவள் ஸ்டூல் போட்டு ஏறி, கருவியை எடுத்து, அவர் கையில் சுற்றினாள். எண் பழைய உச்சத்தையும் தாண்டி நின்றது.

"மாத்திர?"

முழுப் பூசணிக்காயை எவ்வளவு நாள் சோற்றில் மறைப்பது? செடித் தொட்டியிலிருந்து இரண்டாவது பிரேக் கணக்கு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"ஓட்டத் தெரிஞ்சுடுச்சுன்னு கத்துக்கறவன் சொல்லக்கூடாது, ஆபீசர் சொல்லணும்னு ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்களே. உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு?" என்றவள் அழுதுவிட்டாள். "அந்த ரொட்டிக்கடக்காரம்மா மட்டும் நிறுத்தாம இருந்திருந்தா?"

டாக்டரிடம் அப்போதே கிளம்பினார்கள். வாங்கவேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார் வாத்தியார். கொதிப்பு அடங்கி, தான் சொல்லும்வரை அந்த சீட் கிடையாது என்றார் டாக்டர். எந்த சீட்டுக்காக அத்தனை கசப்பையும் குடித்தாரோ, அந்த சீட்.

வீடு திரும்பியதும் ரொட்டிக்கடை அம்மாளுக்குப் போன் போட்டார்.

"அம்மா, நான் உங்கள நம்பி விடல. மாத்திரய நிறுத்தித் தொலைச்சேன், கண்ணு இருட்டிடுச்சு, கால் வரல. என்ன மன்னிச்சுடுங்க."

அவள் மெல்லக் கேட்டாள், "அப்ப அந்தக் கார்ல பிரேக்கே நான் ஒருத்திதானா சார்?"

"நீங்க ஒருத்திதாம்மா."

அடுத்த முறை ஊசி போட்டுக்கொள்ளப் போனபோது மனைவியும் கூடவே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டி வந்திருந்தாள். ஊசிகள் ஏறின. கொஞ்ச நேரத்தில் போர்வை அசைந்தது. வலது பாதம் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தியது.

"சார், கால..." என்று ஆரம்பித்தார் ஊசிக்காரம்மா.

"விடுங்கம்மா, மிதிக்கட்டும்" என்றாள் மனைவி, போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது மிதிச்சாத்தான் எனக்கு மூச்சு வருது."