கயிற்றுக்காரர்களுக்குச் சாப்பாடு

எங்கள் ஊரில் பிள்ளைகளின் உறுப்புகளைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பாசிமணிக் கொட்டகையில்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு வீட்டின் உள்ளறையிலும் ஒரு மூலக்கயிறு தொங்கும். அந்த வம்சத்தின் மூக்கும் முழியும் அதில் முடிச்சு முடிச்சாக இருக்கும். மூலக்கயிறு வாசல்படி தாண்டக் கூடாது. ஆகவே கயிற்றுக்காரர் ஒருவர் உள்ளே போய், வேண்டிய பகுதியை மட்டும் தன் கயிற்றில் அதேபோல் முடிந்துகொண்டு கொட்டகைக்கு நடப்பார். அங்கே மூன்று முடிச்சுக்கு ஒரு பாசி என்று கோப்பார்கள். கடைசிப் பாசி ஏறியதும் சரம் தானாகச் சுருண்டு மடங்கி, மூக்காகவோ காதாகவோ உட்கார்ந்துவிடும். கயிற்றுக்காரர்களுக்கு ஆயுசு கம்மி. மதியத்துக்கு மேல் கரைய ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு பிள்ளைக்குத் தாய் வீடு, தகப்பன் வீடு இரண்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எந்த வீட்டு முடிச்சு அழுத்தமோ அந்த வீட்டு மூக்கு.

மாசமாக இருந்த மரகதவடிவுக்கு இதுதான் கவலை. புகுந்த வீட்டு மூக்கு அப்படிப்பட்டது. முதலில் மூக்கு வீட்டுக்குள் வரும். மாமனார் கொஞ்சம் பொறுத்து வருவார். பிறக்கப்போவது பெண் என்று வேறு சொல்லிவிட்டார்கள். தன் தாய் வீட்டு மூக்குதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அது சின்ன மூக்கு, யார் விஷயத்திலும் நுழையாதது.

கயிற்றுக்காரர்களை மறிப்பது தப்பு. ஆனால் வீடு தேடி வந்தவரைப் பசியோடு அனுப்பும் வழக்கமும் எங்கள் ஊரில் இல்லை. புகுந்த வீட்டு உள்ளறையிலிருந்து மூக்குக் கயிறோடு ஒருவர் வெளியே வந்தபோது மரகதவடிவு இலை போட்டிருந்தாள்.

"நேரமாவுதும்மா. மூக்கு காத்துக் கெடக்கு."

"அது எங்க ஓடிரப் போவுது? உக்காருங்க அண்ணாச்சி."

சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறினாள். மோர் ஊற்றும்போது அவர் இடுப்புவரை கரைந்திருந்தார். பாயசத்துக்கு வாய் மட்டும் இருந்தது. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அதுவும் போனது, கயிறும் கூடவே போனது. மறுநாள் இன்னொருவர் வந்தார். அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படியே மாதம் ஏறியது. ஒருநாள் கொட்டகை மேஸ்திரி சூசைமுத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கண்ணு, காது, நாடி எல்லாம் வந்து சேந்துட்டு. மூக்குக்கு மட்டும் ரெண்டு வீட்லருந்தும் ஒரு ஆளக் காணும். நாளைக்குப் பிரசவம்ங்காவ."

இரண்டு வீட்டிலிருந்துமா? மரகதவடிவு மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பகவதியம்மாள் அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்திருந்தாள். கையில் காலித் தூக்குச்சட்டி.

"ஒங்க அம்மா வீட்டுத் தெரு முக்குல நின்னு, வாரவங்களுக்கு ரெண்டு வாய் குடுத்தேன் பிள்ள," என்றாள். "பாவம், வெயில்ல வாராங்க."

"நானும் இங்க அதத்தான் செஞ்சேன் அத்தை."

சண்டை போட நேரமில்லை. பிள்ளை மூக்கே இல்லாமல் பிறந்துவிடுமோ என்று மரகதவடிவு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, இவங்க வீட்டு மூக்கே இருக்கட்டும். எம்புட்டுப் பெருசுன்னாலும் சரி," என்றாள். மாமியாரும் அழுதுகொண்டே, "இல்ல, அவ வீட்டு மூக்கையே போடுங்க," என்றாள்.

"கயிறு இல்லாம எதக் கோக்க? இப்போதைக்கு முழங்கைக் கயிறோட ஒருத்தர் கூடுதலா வந்து உக்காந்திருக்காரு. அவரும் பாதி கரைஞ்சாச்சு."

"போடுங்க," என்றார்கள் இருவரும்.

மறுநாள் பெண் பிறந்தது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் சின்னதாக, ரோஜா நிறத்தில் ஒரு முழங்கை. மரகதவடிவு அதில் உதடு வைத்தாள். உலகத்தில் இதைவிட அழகான பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது, அழுகையும் வந்தது.

"அப்படியே எங்க சின்ன மாமனார் முழங்கை," என்றாள் பகவதியம்மாள்.

"எங்க அப்பா முழங்கை அத்தை. நல்லாப் பாருங்க."

பெயர் வைக்கும் நாளுக்கு அந்த முழங்கையில் பூட்டத் தங்கத்தில் ஒரு வங்கி செய்வதென்று முடிவானது. அளவெடுக்க வந்த ஆசாரி நூலை முகத்தருகே பிடித்துக்கொண்டு, பிள்ளையை ஒருதரம் மடக்கச் சொல்லுங்கள் என்றார். பிள்ளை தும்மியது. முழங்கை மடங்கி நிமிர்ந்தது. ஆசாரி அளவைக் குறித்துக்கொண்டு, வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தளர்வாகவே அடிக்கிறேன் என்றார்.