சீமாட்டி தானாகப் பெற்றவை

சீமாட்டிக்கு மூச்சு விடுவதே ஒரு வேலை. மூக்கு முகத்துக்குள் புதைந்துபோன புல்டாக். நாலு எட்டு வைத்தால் படுத்துவிடும். அதன் குறட்டை தெருமுனை வரை கேட்கும். அது போன்ற நாய்களின் குட்டிகளை விற்றுத்தான் தம்பி வீடு கட்டினான். புருஷன் போனபின் அந்த வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்ட அக்கா கூண்டு கழுவினாள், நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள், வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

குட்டியின் தலை தாயின் இடுப்பைவிட அகலம். அதனால் சினையாவதற்கு ஊசி, பெறுவதற்குக் கத்தி. இரண்டு பிரசவமும் அப்படித்தான். மயக்கம் தெளிந்த சீமாட்டி குட்டிகளை யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்க்கும். பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது அக்காதான்.

"இன்னொரு தடவை கிழிச்சா தாங்காது," என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

அந்த வருஷ மழையில் பின்சுவர் சரிந்தது. தெருவில் திரியும் நாய் ஒத்தைக்காதன் உள்ளே வந்துவிட்டான். அக்கா துடைப்பத்தை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

இரண்டு மாசம் கழித்து ஒரு விடிகாலையில் வாளியோடு போனவள் கூண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து குட்டிகள். எல்லாம் குறுகிய தலை, நீண்ட மூஞ்சி. சீமாட்டி மூச்சிரைக்க ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

தம்பி வந்து பார்த்தான். "இதெல்லாம் யாருக்குப் பொறந்ததுக்கா?"

"அதுக்குத்தான்டா பொறந்தது. கத்தியில்லாம."

தாயைப் பார்க்க வந்த டாக்டரிடம் குமுறினான். "ஜாதியே கெட்டுப்போச்சு சார். தெருநாயும் இதுவும் ஒண்ணா?"

"தங்களுக்குள்ள சேர்ந்து குட்டி போட்டுத் தழைச்சா ஒரே இனம்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. உங்க ஜாதி நாய்ங்களைக் காட்டுல விட்டுப் பாருங்க. நானும் என் கத்தியும் இல்லேன்னா ஒரு தலைமுறையோட சரி. தெருநாயோட சேர்ந்துதான் இது தானா பெத்திருக்கு. எதை எந்த இனத்துல சேக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"விலை போறதுதான் சார் எனக்கு இனம்."

டாக்டர் போனதும் தம்பி சாக்கை எடுத்தான்.

"ஒரு மாசம் தாய்கிட்ட இருக்கட்டும்டா. நானே ஆள் பார்த்துக் குடுத்துடறேன்."

"வாங்க வர்றவன் இதுங்களைப் பார்த்தா என் பேரு என்னத்துக்கு ஆகும்? நீ கஞ்சியைப் பாருக்கா."

சாக்கு கால்வாய்ப் பக்கம் போனது. நாள் முழுக்கச் சீமாட்டி கூண்டின் மூலை மூலையாக மோந்து அலைந்தது. நாலு எட்டுக்கு மேல் நடக்காத நாய். கடைசியில் அக்காவின் கூண்டு துடைக்கும் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு நக்கத் தொடங்கியது. அக்கா அதைப் பிடுங்கவில்லை.

சுவரைத் தம்பி உயர்த்திக் கட்டினான். அடுத்த பருவத்தில் ஊசி போட வேறு ஆளைப் பிடித்தான்.

பிரசவத்துக்குக் கிடத்திய மேசையிலிருந்து சீமாட்டி எழவில்லை. நாலு குட்டிகளில் மூன்று வயிற்றிலேயே போய், ஒன்று மட்டும் பிழைத்தது. தம்பி அதைக் கையில் ஏந்தி, விரலை அகட்டித் தலையை அளந்தான். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பொட்டை. தலையைப் பாரேன், அம்மாவையே மிஞ்சிடும்."

அக்கா வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பாட்டிலை வாயில் வைத்தாள். இரண்டு வாய் குடிப்பதற்குள் குட்டிக்கு மூச்சு முட்டியது. அப்புறம் சின்னதாக, தாயைப் போலவே, குறட்டை விட்டது.