முதல் காடை

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க. அண்ணன் காதுல விழ வேணாம்."

கொழுந்தன் சுக்ரூ முழங்கால் வரை சேற்றோடு வாசலில் நின்றான். காலையில் அவன் கையில் கொடுத்தனுப்பிய வல்லூறைக் காணோம். கணவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த சூப்புக் கிண்ணத்தை நாத்தனார் குல்சாரிடம் கொடுத்துவிட்டு நஸ்மியே வெளியே வந்தாள்.

"எங்கடா அது?"

"கீழ, பேரிக்கா மரத்து உச்சியில. அரை மணி நேரமா கறியக் காட்டுறேன், விசிலடிக்கிறேன். என்னத் திருடன் மாதிரி பாக்குது. பேசாம, காடையப் பிடிச்சிடுச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுவோம் அண்ணி. நிம்மதியாப் போகட்டும்."

"நாப்பது வருஷமா வல்லூறு பழக்குற மனுஷன்கிட்ட பொய்யா? பறவை எங்கன்னு கேட்டா உன் மூஞ்சியக் காட்டவா?"

ரிஃபாத் அந்த இளம் வல்லூறை மலைமுகட்டில் வலை வைத்துப் பிடித்து எட்டு நாள்தான் ஆகிறது. பிடித்த அன்று ராத்திரியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இனி மருந்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுப் பறவையைக் கையிலிருந்து இறக்கினால் பழகாது என்று, தலையணையில் முழங்கையை ஊன்றி, படுக்கையிலேயே அதைச் சுமந்தார். கட்டிலின் கால்மாட்டிலிருந்து கைக்குத் தாவ வைத்தார். வழக்கம்போல டீக்கடைக்குக் கொண்டுபோய்க் கூட்டத்துக்குப் பழக்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

நேற்றைய மழையோடு காடைகள் கருங்கடலைத் தாண்டி வந்து இறங்கிவிட்டன. "அது தானா ஒரே ஒரு காடை பிடிச்சதப் பாத்துட்டாப் போதும்" என்று ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நஸ்மியேவுக்கு வல்லூறுகளைக் கண்டாலே ஆகாது. வீட்டில் முதல் கறித்துண்டு எப்போதும் அவற்றுக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் வருகிற பறவைக்கு அவள் வைக்கும் பெயர் சக்களத்தி.

தேயிலைச் சரிவில் இறங்கி மரத்தடியில் நின்றாள். "வாடி செல்லம்" என்றாள். பறவை முதுகைக் காட்டியது. எட்டு நாளாக அழாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம், புருஷனைச் சாப்பிடக் கூப்பிடும் திட்டாக அவள் வாய்க்கு வந்துவிட்டது.

"ஏய் மனுஷா! சோள ரொட்டி ஆறிப்போச்சு, சூப்பு ஆறிப்போச்சு, இன்னும் என்ன அங்க? உன்னக் கட்டிக்கிட்டு நான் என்ன சொகத்தக் கண்டேன்? வர்றியா, இல்ல கதவச் சாத்தட்டுமா?"

காலில் கட்டிய மணி கிணுகிணுத்தது. வல்லூறு நேராக வந்து அவள் கைமேல் உட்கார்ந்தது.

"அடேயப்பா!" என்றான் சுக்ரூ. "எட்டு நாளா அந்த ரூம்ல அது கேட்டதெல்லாம் உங்க திட்டுதானே!"

அவனிடம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சுக்ரூவோடு வந்த நாய் காடையைக் கிளப்பப் புல்லுக்குள் புகுந்தது. ரிஃபாத் செய்வதைச் சமையலறை ஜன்னல் வழியே ஆயிரம் தடவை பார்த்தவள்தான். பறவையின் உடம்பை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். காடை விர்ரென்று கிளம்பியதும் வீசி எறிந்தாள். மோசமான வீச்சு. வல்லூறு ஒரு குட்டிக்கரணம் போட்டுச் சமாளித்து, வேலியோரம் காடையை அமுக்கிவிட்டது. நஸ்மியே சேற்றில் மண்டியிட்டு, முறைப்படி காடையின் தலையை அதற்கே கொடுத்தாள்.

பிறகு மூச்சிரைக்க மேட்டில் ஏறி ஓடினாள். ஒரு கையில் பறவை, மறு கையில் காடை.

குல்சார் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே ரிஃபாத்தின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். வயிறு உப்பாமலிருக்க அதன்மேல் கத்தி வைத்திருந்தார்கள்.

"நீ கீழ கத்துனது இங்க கேட்டுச்சு நஸ்மியே. கண்ணத் தொறந்தான். 'இதோ வர்றேன்னு சொல்லு'ன்னான். எந்திரிக்கப் பாத்தான். அவ்வளவுதான்."

கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளாவது கூப்பிட்டதும் சாப்பிட வந்திருப்பாரா அந்த மனுஷன்? நஸ்மியே கட்டில் அருகே போய், இன்னும் சூடு ஆறாத காடையை அவர் கைப்பக்கம் வைத்தாள். "பிடிச்சிடுச்சுங்க" என்றாள்.

மத்தியானத்துக்குள் ஊரே திரண்டுவிட்டது. பெண்கள் கட்டிக்கொண்டு அழ வந்து, நஸ்மியேவின் இடது கையில் இருந்த பறவையைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"அத எறக்கி வையேன் தாயி" என்றாள் குல்சார். "இழவு வீட்ல இது என்ன கோலம்?"

"எறக்கினா மிரண்டுபோகும். கூட்டத்துக்குப் பழகணும் அண்ணி. இத்தன பேரு இனிமே எப்ப வரப்போறாங்க?"

வந்தவர்களுக்கெல்லாம் வலது தோளைக் கொடுத்தாள். ஒவ்வொரு ஒப்பாரிக்கும் வல்லூறு சிறகடித்து, காலில் கட்டிய வாரில் தலைகீழாகத் தொங்கியது; ஒவ்வொரு தடவையும் தூக்கி நிறுத்தினாள். சாயங்காலத் தொழுகைக்கு முன் பெட்டியைத் தூக்கினார்கள். அழுகை கூரையைத் தொட்டது. பறவை இறகை உலுக்கி, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, மெல்லக் கண்ணை மூடியது.

பெட்டி படியிறங்கிப் போனது. நஸ்மியே எட்டிப் பார்க்கவில்லை. அசைந்தால் அது விழித்துக்கொள்ளும்.