வெறும் தகட்டில் எழுந்த முகடு

திரையில் எழுந்த முகட்டைப் பார்த்ததும் ஹில்லெவி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். எக்ஸ்ரே கருவிக்குப் புதுக் குழாய் மாட்டியிருந்தார்கள். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் எதுவும் பூசாத சிலிக்கான் தகட்டை உள்ளே வைத்தாள். திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, முப்பத்து மூன்று டிகிரியில் சட்டென்று எழுந்து நின்றது. அந்த இடம் அவளுக்கு மனப்பாடம். மால்ட்டேயின் முனைவர் பட்ட ஆய்வேடு முழுக்க அந்த முகட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

மால்ட்டே கணினிக்காரன். இந்த உலோகக் கலவையை மெல்லிய படலமாகப் பூசினால் அணுக்கள் இன்ன வரிசையில் அமையும், இன்ன கோணத்தில் முகடு வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னான். ஹில்லெவி சிலிக்கான் மேல் பூசி அளந்தாள். சொன்ன இடத்திலேயே வந்தது. கணக்கும் கைவேலையும் ஒத்துப்போனால் யாருக்குச் சந்தேகம் வரும்? இருவரும் குதித்த குதியில் வெறும் தகட்டை அளக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வட்டத் தகட்டில் ஒரு பக்கம் நேராக வெட்டியிருக்கும்; அந்த வெட்டுவிளிம்பு அளப்பவரைப் பார்க்கும்படி வைப்பது அந்த ஆய்வகப் பழக்கம். எல்லாவற்றையும் அவள் அப்படியேதான் அளந்தாள். ஒரு சில நிலைகளில் சிலிக்கானே போலி முகடு காட்டி ஏய்க்கும், கொஞ்சம் திருப்பி வைத்தால் மறைந்துவிடும். இதைப் படித்தவள்தான். படித்து என்ன பிரயோஜனம்?

கதவு திறந்தது. மால்ட்டே கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் சுத்தியலும் ஆணியுமாக நின்றான். ஸ்வீடனில் ஆய்வேட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டினால்தான் ஊரறிய வெளியானதாகக் கணக்கு.

"ஏய், இன்னிக்குமா மெஷினைக் கட்டிட்டு அழற? வெளிய கேக்ல பாதி காலி. நீ வராம நான் அடிக்க மாட்டேன்."

திரையை அணைத்துவிட்டால் போதும். அவள் கை சுட்டி வரைக்கும் போனது.

"கதவைச் சாத்திட்டு வா."

அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான். "நம்ம செல்லம்தானே?"

"உள்ள இருக்கிறது வெறும் தகடு, மால்ட்டே."

சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. "ஆய்வேட்டுத் தேர்வு முடியட்டுமே. அப்புறமா பாத்துக்கக் கூடாதா?"

"அப்புறம் எனக்கு வாய் வராது."

அவன் சுத்தியலையும் ஆணியையும் மேசையில் வைத்தான். வெறும் தகட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து அவர்களுடைய படலம் பூசிய தகட்டை எடுத்து, தானே விளிம்பைத் திருப்பி வைத்தான். கோடு கிளம்பியது. நடைக்கூடத்தில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. ஹில்லெவி மனசார வேண்டிக்கொண்டாள், எழுந்துவிடு என்று.

முப்பத்து மூன்றைத் தாண்டியும் கோடு தரையிலேயே ஊர்ந்தது.

"இன்னொரு தடவ," என்றான். மறுபடியும் அதேதான்.

"இத்தன வருஷமா ஒரே பக்கமாவா வெச்சு அளந்த?"

"ஆமா."

"நானும் ஒரு தடவகூடக் கேக்கலையே," என்றான். அவள் அவன் தோளைத் தொடப்போய், உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நடைக்கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஹில்லெவி சுத்தியலின் முதல் அடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது; அடி விழவில்லை. மேசையில், எடுத்து வைத்த வெறும் தகட்டுக்குப் பக்கத்தில், ஆணி கிடந்தது.