வலப்பக்கச் சட்டைப்பை

எங்கள் மாப்பிள்ளைக்கு வீடியோ எடிட்டிங் தொழில். கைராசிக்காரர். ஒரு கல்யாணத்துக்கு வராத தாய்மாமனை முன்வரிசையில் உட்கார வைத்துக் காட்டினார். அந்த மனுஷன் படத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் குறைச்சல் என்று இன்றுவரை குறைசொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரி, லாட்ஜ் விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வரும். ஒருநாள் எவனோ சோப்புக் கரைசலுக்குப் பதில் ஒரு கேன் நீலச் சாயத்தை எடுத்து இயந்திரத்தில் கொட்டிவிட்டான். விரிப்புகள் நீலமாயின, சாயம் சரியாகப் பிடிக்காததால் அதில் படுத்தவர்களும் நீலமானார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வார்டைப் பார்த்துவிட்டுப் பாம்புக்கடி மருந்துக்கு ஓடினார். லாட்ஜில் தங்கிவிட்டு நீலமாய் வீடு திரும்பியவருக்கு மனைவி கதவைத் திறக்கவில்லை. நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன்.

சாயம் இருந்த சாமான் அறையில் கேமரா உண்டு. ஆனால் மாட்டியவன் அவசரக்காரன், தலைகீழாக மாட்டிவிட்டுப் போயிருந்தான். படத்தில் ஓர் ஆள் கூரையில் நடந்துவந்து கேனை எடுக்கிறான். முதலாளி தானும் தலைகீழாக நின்று பார்க்கப்போய்க் கழுத்து பிடித்துக்கொண்டது. அதன்பிறகுதான் மாப்பிள்ளையிடம் வந்தார்.

மாப்பிள்ளை கணினியில் ஒரு பட்டனைத் தட்டினார். ஆள் தரைக்கு வந்துவிட்டான். அறையின் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி அலமாரி, ஒரேமாதிரி கேன். உடுத்தியிருந்தது எல்லோரும் போடுகிற சலவைக்கூடச் சட்டை, தொப்பி மறைத்ததில் முகமும் தெரியவில்லை. ஆனால் கேனைத் தூக்கியது இடதுகை. சலவைக்கூடத்தில் இடதுகைக்காரர் ஒரே ஒருவர், இஸ்திரி போடுகிறவர். முதலாளி அவரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மாப்பிள்ளை சாப்பிடும்போது அந்தப் படத்தை என் மகளுக்குப் போட்டுக் காட்டினார். பெருமைதான். அவள் பார்த்துவிட்டு, இதென்ன, அங்கே சட்டைப்பையை வலது பக்கம் வைத்துத் தைப்பார்களா என்று கேட்டாள்.

மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். தலைகீழ்ப் படத்தை நேராக்க இரண்டு பட்டன் உண்டாம். ஒன்று படத்தை அப்படியே சுற்றி நிமிர்த்தும். இன்னொன்று புரட்டிப்போடும். அதிலும் ஆள் நிமிர்ந்துவிடுவான், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகிவிடும். இவர் தட்டியது இரண்டாவதை. கேனைத் தூக்கியது வலதுகை.

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. போய்ச் சொல்லவும் இல்லை. முதலாளி கோபக்காரர் என்றார். ஜுரம்போல இருக்கிறது என்றார். வண்டியில் காற்று இல்லை என்றார். காற்றடிக்கும் கடை எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. விஷயம் வெளியே தெரிந்தால் ஒருவரும் வேலை தரமாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். தெருவில் இஸ்திரிக்காரரைக் கண்டால் சந்துக்குள் புகுந்துவிடுவார். ஒருநாள் அப்படிப் புகுந்த சந்து முட்டுச்சந்து. இஸ்திரிக்காரரே வந்து வழிகாட்டி வெளியே கூட்டிவந்தார்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. என்னிடம் வந்து, "மாமா, கூட வர்றீங்களா?" என்றார். பேச வேண்டாம், சும்மா நின்றால் போதுமாம். நிற்பதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலாளி கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்தார். சரியான படத்தைப் பார்த்தார். நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"அதான் அவனே ஒத்துக்கிட்டானே. என் முன்னாடி நின்னு மன்னிப்புக் கேட்டான். செய்யாதவன் எதுக்குய்யா கேக்கறான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்த இடத்துக்கு நடந்தோம்.

இஸ்திரிக்காரர் வீடு ஒற்றை அறை. மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சில்லை என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது. மாப்பிள்ளை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எந்தப் பட்டன் என்பதுவரை சொன்னார்.

இஸ்திரிக்காரர் தன் இடதுகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நான் பண்ணலைன்னுதான் தம்பி மொதல்ல சொன்னேன். அப்புறம் படத்தைக் காட்டினாங்க. அதுல என் கைதான் இருந்துச்சு. அசதியில தெரியாம எடுத்துட்டேன்போலன்னு நானே நம்பிட்டேன். இவகிட்டயும் ஆமான்னு சொல்லிட்டேன்."

"அண்ணே, என்னைத் திட்டுங்கண்ணே," என்றார் மாப்பிள்ளை.

அவர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் மாப்பிள்ளைக்கு எவ்வளவோ தேவலை.

மனைவி அப்போதுதான் திரும்பினார். கண்ணில் நீர். வெங்காயம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் உரித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"அன்னிக்கும் படம்னுதான் காட்டினீங்க. இன்னிக்கும் படம்னுதான் காட்டறீங்க. இதுதான் நேருன்னு நான் எதை வச்சுத் தம்பி நம்பறது?"

மாப்பிள்ளை கொடியில் தொங்கிய சலவைக்கூடச் சட்டையை எடுத்துத் தன் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். அவருக்கு அது இரண்டு சைஸ் சின்னது. சட்டைப்பை இடப்பக்கம் இருந்தது. கைப்பேசியில் இரண்டு படத்தையும் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்போல அசையாமல் நின்றார். அந்த அம்மா ஒன்றைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தன் புருஷனைப் பார்த்தார். அதுதான் ரொம்ப நேரம்.

"எந்திரிங்க," என்றார் புருஷனிடம். "முதலாளிகிட்ட நானும் வரேன். மன்னிப்புக் கேட்டீங்கல்ல, அதைத் திருப்பி வாங்கிட்டு வருவோம்."

எல்லோரும் வெளியே வந்தோம். இஸ்திரிக்காரர் கதவைப் பூட்டப்போனார். சாவி வலதுகையில். துவாரத்தில் நுழையாமல் இங்கும் அங்கும் இடித்தது. வேறு எங்காவது வேலை கேட்கப் போனால் இடதுகை தெரியக்கூடாது என்று பழகிக்கொண்டிருக்கிறாராம். அதை அவர் ஏதோ வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அந்த அம்மா சாவியை வாங்கி அவருடைய இடதுகையில் வைத்தார்.

மாப்பிள்ளை தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னச் சட்டையைக் கழற்றவும் அவருக்குத் தோன்றவில்லை.