சாப்பாடு விசாரித்த பனியன்கள்

நூல் விலை மறுபடி ஏறிய வாரத்தில், அவிநாசிப் பக்கம் ராயபுரத்தில் தைத்த பனியன்கள் பேச ஆரம்பித்தன. அதிகம் ஒன்றும் பேசவில்லை. பழைய பாட்டு ஒன்றின் கடைசி அடியை முனகிவிட்டு, "சாப்டாச்சுங்களா?" என்று கேட்கும், அதோடு சரி. குரல் யாருடையது என்று ஊருக்கு உடனே தெரிந்துவிட்டது. உள்ளூர் எஃப்.எம்.மில் மதியப் பாட்டுப் போட்டே தலை நரைத்த மருதாசலத்தின் குரல் அது. சோர்ந்தவனைத் தட்டி எழுப்பும் பாட்டுகள் கொஞ்சம், பழைய காதல் பாட்டுகள் கொஞ்சம், கடைசியில் அந்தக் கேள்வி, அவர் நிகழ்ச்சி அவ்வளவுதான். பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின்களுக்கு மேலே ஸ்பீக்கர் கட்டி அதை ஓடவிடுவார்கள். பாட்டு ஓடினால் கையும் ஓடும் என்பது முதலாளிகளின் நம்பிக்கை. கேட்டுக் கேட்டுத் துணிக்கும் காது முளைத்துவிட்டது போலிருக்கிறது.

முதலில் கண்டுபிடித்தது ஆறுச்சாமியின் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் சீனியம்மாள். ஓட்டை, கறை, தையல் விட்டது என்று எந்தக் குறை இருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. குரலுக்கு எங்கே ஒட்டுவது? யோசித்து நெஞ்சுப் பக்கம் ஒட்டினாள். சூப்பர்வைசர் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பீஸ் நல்லாத்தான இருக்குதுங்க" என்று ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டார். கண்ணுக்குத் தெரியாத குறை இந்த ஊரில் குறையில் சேர்த்தியில்லை. பனியன்கள் மடிப்புக் கலையாமல் பெட்டியேறிக் கப்பலேறிப் போய்விட்டன.

மருதாசலத்துக்கு இதில் பெருமையும் இல்லை, பயமும் இல்லை. அந்தக் கேள்வியே அவருடையது அல்ல, அவர் மனைவி சுப்பாத்தாளுடையது. மதியப் பாட்டு முடியும் நேரம் பார்த்து ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு அவள் கேட்பாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு போன் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்கமாட்டாமல் மைக்கில் ஊரைக் கேட்டுவைத்தார், அதுவே வழக்கமாகிவிட்டது. வானொலியில் உள்ள சங்கடம், கேட்டதற்குப் பதில் வராது. முன்பெல்லாம் நிலையத்துக்குப் போன் போட்டு விருப்பப் பாட்டுக் கேட்டவர்கள் இப்போது வேண்டியதைத் தங்கள் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். கம்பெனி ஸ்பீக்கர்கள்தான் அவருக்கு மிச்சம். வீட்டில் பல நாள் அடுப்புப் பற்றவைக்காமல் பன்னும் டீயுமாகப் படுத்துவிடுவார். ஊரையெல்லாம் விசாரித்த மனிதனை விசாரிக்க ஒரு நாதியில்லை.

பனி கொட்டும் தேசத்திலிருந்து புகார் வந்தது. ஆறுச்சாமி நேரிலேயே வந்து, "ஏனுங்ணா, உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. சரக்கு வாங்குற பையர் கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று தலையைச் சொறிந்தார். அன்றே ஸ்பீக்கரைக் கழற்றினார். அவரைப் பார்த்து அவிநாசி வரைக்கும் எல்லாக் கம்பெனிகளிலும் கழற்றினார்கள். ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் மருதாசலம் யாருக்கென்று தெரியாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தீபாவளியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நிலையத்தில் மரியாதையாகச் சொன்னார்கள். கடைசி நாளன்று பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு அழுதார்.

வீடு திரும்பியபோது வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. வாங்கியவர்கள் கொஞ்சநாள் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்த பனியன்கள். பேசுகிற துணியைக் கிழித்துப் போட மனம் வராமல் ஆறுச்சாமி கொடுத்தனுப்பியிருந்தார். தன் குரலே தன்னைக் கேட்கப்போகிறது என்று நினைத்து மருதாசலம் பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். ஆனாலும் பிரித்தார். போன இடத்தில் அந்தத் துணிகள் சும்மா இருக்கவில்லை, உடுத்தியவர்களின் பேச்சையும் பிடித்துவைத்திருந்தன. பாஷை புரியாவிட்டாலும், யாரோ அக்கறையாய் எதையோ கேட்கிறார்கள் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். மேலே கிடந்த நீலப் பனியனில் ஒரு பெண் குரல், அவர் அறியாத பாஷையில் நிதானமாக ஏதோ பதில் சொன்னது. அப்புறம் தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு எழுத்தாக, "சாப்டாச்சுங்களா?" என்றது.

"இன்னும் இல்லீங்க" என்றார் மருதாசலம். பனியனை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு அரிசி கழுவப் போனார்.

அதன்பின் அந்த வீட்டில் மதியச் சோறு தவறியதில்லை. துவைத்தால் பனியன்களில் சாயம் கொஞ்சம் போகிறது, குரல் போவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பல பாஷையில் பேச்சுக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள், "மருதாசலத்தண்ணன் ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகள்தானே என்று தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.